சூளையை யார் நிறுத்துவது?



அடுத்து மின்சாரச் சூளை பற்றி எழுதுவேன் என்று போன மாதம் கடைசி வரியில் சொல்லியிருந்தேன். அதற்கு நிறைய மெயில் வந்தது. "எவ்வளவு செலவாகும்?", "எத்தனை டிகிரி போகும்?", "குழந்தைகள் செய்த விளக்கையெல்லாம் சுட முடியுமா?" எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் சூளை கட்டப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதை எங்கள் வீட்டில் என் மனைவிதான் கேட்டார். செங்கல் வந்து இறங்கிய அன்றைக்கே, "ஏங்க, இந்தப் பெட்டி சொன்ன பேச்சைக் கேக்கலைன்னா யாரு நிறுத்துவா?" என்றார். எங்கள் கராஜுக்கு நேர் மேலேதான் மகளின் படுக்கையறை.

இந்தப் பத்தி முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஊர்ச் சூளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஊரில் குயவர் சூளை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பானைகளை அடுக்கி, விறகும் வைக்கோலும் போட்டு, மேலே மண் பூசி மூடுவார்கள். அங்கே பாடெல்லாம் சூட்டை ஏற்றுவதற்கும் அதை நிறுத்தி வைப்பதற்கும்தான். விறகு தீர்ந்தால் சூளை தானாக அடங்கிவிடும். யாரும் அணைக்க வேண்டியதில்லை.

மின்சாரச் சூளை இதற்கு நேர் எதிர். அதற்கு விறகு தீரவே தீராது, கம்பி வழியாக வந்துகொண்டே இருக்கும். சூடேற்றுவது சுலபம், ஸ்விட்ச் போட்டால் போதும். நிறுத்துவதற்குத்தான் பாடுபட வேண்டும். களிமண் உருகினாலும் செங்கல் சுருங்கினாலும் வெளித்தகடு பழுத்தாலும், யாராவது நிறுத்தும் வரை அது ஓடும். அதனால் கட்டுவதற்கு முன்பு, எப்படி நிற்கும் என்பதை டிசைன் பண்ணிவிடுங்கள்.

"வீட்டு அவனில் சுட்டால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: போதாது. சமையல் அவன் 250, 280 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். களிமண்ணுக்குள் ரசாயனமாகக் கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறவே சுமார் 500, 600 டிகிரி வேண்டும். அதற்குப் பிறகுதான் அது தண்ணீரில் கரையாத மண்பாண்டம். நன்றாக இறுக ஆயிரத்தைத் தாண்ட வேண்டும்.

எவ்வளவு பெரிய சூளை?

நான் கட்டியது சின்னது. உள்ளளவு ஒவ்வொரு பக்கமும் 9 அங்குலம், அதாவது சுமார் 12 லிட்டர். நாலு டம்ளர், ஏழெட்டு அகல் விளக்கு அடங்கும். வெப்ப இலக்கு கோன் 04 என்று குயவர்கள் சொல்லும் அளவு, ஏறக்குறைய 1,060 டிகிரி. 1,220 டிகிரி கேட்கும் கோன் 6 வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். அந்த 160 டிகிரியை விட்டுக்கொடுத்தால் செங்கல், கம்பி, சென்சார் மூன்றும் தங்கள் எல்லைக்குக் கீழே நிம்மதியாக வேலை செய்யும்.

சுவருக்கு இன்சுலேட்டிங் ஃபயர் பிரிக். தெர்மாகோல் மாதிரி லேசாக இருக்கும், கைரம்பத்தில் அறுபடும். 23 கிரேடு என்பது 2,300 ஃபாரன்ஹீட், அதாவது 1,260 டிகிரி செல்சியஸ் தாங்கும். நமக்கு அது போதும். சுவர் கனம் நாலரை அங்குலம்.

அறுக்கும்போதுதான் முதல் ஆபத்து வருகிறது, அதுவும் மின்சாரம் வருவதற்கு முன்னாலேயே. அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கிவிடும். பி100 ஃபில்டர் போட்ட மாஸ்க் கட்டிக்கொண்டு, வெளியில் வைத்து அறுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அந்தச் சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். செராமிக் ஃபைபர் கம்பளம் சுலபமாக இருக்கும் என்று சொல்வார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திய பொருள். வீட்டுச் சூளையில் அது இல்லாமலே கட்டலாம். நான் அப்படித்தான் கட்டினேன்.

கம்பிக் கணக்கு

சூடேறும் கம்பிக்கு காந்தல் ஏ-1 என்று பெயர், ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பு. பெயரைக் கேட்டு என் அம்மா சிரித்தார். நமக்குக் காந்தல் என்றால் அடிப்பிடித்த சோறு. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை இது. கம்பியே 1,400 டிகிரி வரை தாங்கும்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நான் இருப்பது அமெரிக்காவில், சூளைக்கு 240 வோல்ட் எடுத்தேன். 12 ஆம்ப் போதும் என்று முடிவு செய்தால், 240-ஐ 12-ஆல் வகுக்க 20 ஓம். பவர் 240 பெருக்கல் 12, அதாவது 2,880 வாட். 12 லிட்டர் சூளைக்கு இது தாராளம்.

இந்த 20 ஓமை எந்தக் கனத்துக் கம்பியிலும் கொண்டு வரலாம். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 18 கேஜ் மெல்லிய கம்பியில் சுமார் 11 மீட்டர் போதும். விலை குறைவு, சுற்றுவதும் சுலபம். ஆனால் அந்தக் கம்பியின் மேற்பரப்பு மொத்தமே 365 சதுர செ.மீ.தான். 2,880 வாட்டும் அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும், ஒரு சதுர செ.மீ.க்கு கிட்டத்தட்ட 8 வாட். கம்பி சூளையை விட வெகுவாகச் சூடேறி, சீக்கிரமே அறுந்துவிடும். 14 கேஜ் எடுத்தால் அதே 20 ஓமுக்கு சுமார் 29 மீட்டர் வேண்டும். மேற்பரப்பு 1,470 சதுர செ.மீ., சதுர செ.மீ.க்கு 2 வாட்டுக்கும் கீழே. இது பல காலம் உழைக்கும். ஆம்ப் ஒன்று, வாட் ஒன்று, ஆயுள் மட்டும் வேறு.

காந்தலுக்கு ஒரு குணம் உண்டு. முதல் தடவை சூடான பிறகு ஆறிய நிலையில் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் வளைப்பது, இழுப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கம்பி முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது, உருகிவிடும். முனையை இரட்டையாக முறுக்கி, செங்கல் சுவரைத் தாண்டி வெளியே கொண்டுவந்து, போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

இரண்டு கம்பியையும் வெட்டுங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 240 வோல்ட் என்றால் இரண்டு கம்பியிலும் உயிர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தரைக்கும் நடுவே 120 வோல்ட். வீடியோக்களில் காட்டும் சூளைகள் பலவற்றில் ஒரே ஒரு ரிலே, அது ஒரு கம்பியை மட்டும் வெட்டும். ரிலே ஆஃப், விளக்கு ஆஃப், சூளை ஆறிக்கொண்டிருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் சுருள் முழுக்க இன்னும் 120 வோல்ட் உயிரோடு இருக்கிறது. இடுக்கியை உள்ளே விட்டால் முடிந்தது.

ஜெர்மனியில் இருக்கிற நண்பர்களுக்கு இதே சிக்கல் வேறு வழியில் வரும். அங்கே பிளக்கை எந்தப் பக்கமும் திருப்பிச் செருகலாம், எது லைவ், எது நியூட்ரல் என்று உறுதி இல்லை. நீங்கள் எங்கே இருந்தாலும் விதி ஒன்றுதான்: இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டும் இரட்டைத் துருவ கான்டாக்டர் போடுங்கள். கதவு திறந்தவுடன் அந்தக் கான்டாக்டர் விழும்படி கதவில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். அதற்குப் பிறகும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

வெளித்தகடு, கதவு இரண்டும் எர்த்தோடு கனமான கம்பியால் இணைந்திருக்க வேண்டும். "செங்கல்தானே, அதில் கரன்ட் பாயாதே" என்று தோன்றும். ஆறியிருக்கும்போது சரி. ஆயிரம் டிகிரியில் செங்கல் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். புதுச் செங்கலில் ஈரம் இருந்தாலும் கசியும். அதனால் பிரேக்கர் விழுந்தால் பிரேக்கரைக் கழற்றாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

சுவருக்குள் போகும் வயரிங் நம் வேலை இல்லை. பல மணி நேரம் தொடர்ந்து ஓடும் லோடு என்றால் பிரேக்கர் அளவில் 80 சதவீதம்தான் எடுக்கலாம் என்பது இங்குள்ள விதி. 12 ஆம்ப் சூளைக்கு 20 ஆம்ப் தனி லைன், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போட்டது. டிரையருக்கு வைத்த 30 ஆம்ப் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு மெல்லிய கார்டு செருகாதீர்கள். கார்டு கருகும் வரை 30 ஆம்ப் பிரேக்கர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எக்ஸ்டென்ஷன் கார்டு பேச்சே வேண்டாம். லண்டனில் இருந்தால் 13 ஆம்ப் பிளக், சிட்னியில் சாதாரண சாக்கெட் 10 ஆம்ப். அங்கே 230 வோல்ட்டுக்குக் கணக்கை மாற்றிப் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டு வயரிங்கைத் தொடுவதே சட்டவிரோதம்.

மூன்று காவல்காரர்கள்

இப்போது மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம். நான் பத்து வருடத்துக்கு மேல் கோட் எழுதிச் சம்பாதிப்பவன். அதனாலேயே சூளையை ஒரு புரோகிராமை மட்டும் நம்பி விடமாட்டேன். ஆபீசில் சர்வர் தொங்கினால் ரீஸ்டார்ட் பண்ணலாம், வீட்டை ரீஸ்டார்ட் பண்ண முடியாது.

முதல் காவல்காரர் கன்ட்ரோலர். வெப்பத்தைப் படித்து, சாலிட் ஸ்டேட் ரிலேயை ஆன், ஆஃப் செய்யும். இதில் கெட்டுப்போகக்கூடியவை இரண்டு.

ஒன்று அந்த ரிலே. அது கெட்டால் பெரும்பாலும் ஆஃப் ஆகி நிற்காது, ஆனிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் "நிறுத்து" என்று கத்தும், ரிலேக்குக் காது கேட்காது. தேவைக்கு இரண்டு மடங்கு ஆம்ப் தாங்கும் ரிலேயாக, நல்ல ஹீட் சிங்க்கோடு போட்டால் இது தள்ளிப்போகும். ஆனால் வராது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று வெப்பம் பார்க்கும் தெர்மோகப்பிள். இந்த வெப்பத்துக்கு கே டைப் போதும். அமெரிக்க வண்ணக் குறியீட்டில் சிவப்பு வயர்தான் மைனஸ், மஞ்சள் பிளஸ். சிவப்பு என்றால் பிளஸ் என்று பழகிய கை தானாக மாற்றி மாட்டிவிடும். அப்படி மாட்டினால் சூளை சூடேற ஏற, கன்ட்ரோலரில் எண் கீழே இறங்கும். அதுவும் "இன்னும் குளிர்கிறதே" என்று நினைத்து முழுப் பவரைக் கொடுக்கும். ஐரோப்பாவில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சென்சார் அறுந்தால் பல கன்ட்ரோலர்கள் கண்டுபிடித்துவிடும். ஆனால் சென்சார் துளையிலிருந்து நழுவி வெளியே தொங்கினால்? அறை வெப்பத்தைப் படித்துக்கொண்டு, மேலும் மேலும் சூடேற்றும். அதனால் என் புரோகிராமில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: கால் மணி நேரம் முழுப் பவர் கொடுத்தும் 5 டிகிரிகூட ஏறவில்லை என்றால் எல்லாவற்றையும் நிறுத்து.

இரண்டாவது காவல்காரர் தனி லிமிட் கன்ட்ரோலர். இவருக்கும் முதலாமவருக்கும் பேச்சுவார்த்தையே கூடாது. தனிப் பெட்டி, தனி தெர்மோகப்பிள், தனித் துளை. இவருக்குத் தெரிந்தது ஒரே வேலை: 1,120 டிகிரியைத் தாண்டினால் கான்டாக்டரை விழவைப்பது. கரன்ட் கொடுத்தால்தான் கான்டாக்டர் பிடித்திருக்கும். கரன்ட் போனாலோ, வயர் கழன்றாலோ அது திறந்துகொள்ளும். பழுது வந்தால் நிற்கும் பக்கமாகவே சாய வேண்டும். விழுந்த கான்டாக்டர் தானாகத் திரும்பப் பிடிக்கவும் கூடாது. ஒரு ஆள் வந்து பட்டனை அழுத்த வேண்டும்.

மூன்றாவது காவல்காரர் ஒரு கடிகாரம். நான் சுடுவது மொத்தம் 12 மணி நேரம். 14 மணி நேரத்தில் எது எப்படி இருந்தாலும் கான்டாக்டரை வெட்டும் தனி டைமர் இருக்கிறது. அதில் சாஃப்ட்வேர் கிடையாது, வைஃபை கிடையாது.

மொபைலில் வெப்பம் பார்ப்பது, கேமரா வைப்பது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது வேடிக்கை பார்க்க மட்டும்தான். மொபைலிலிருந்து சூளையைத் தொடங்கும் வசதியை நான் வைக்கவே இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாத சூளை எரியக் கூடாது.

காவல்காரர் வேலை செய்கிறாரா?

மாட்டிய பாதுகாப்பு வேறு, சோதித்த பாதுகாப்பு வேறு. கரன்ட் கொடுக்கும் முன் மீட்டரை எடுங்கள். சுருளின் இரு முனைக்கும் நடுவே 20 ஓம் வர வேண்டும். சுருளுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. வெளித்தகட்டுக்கும் பிளக்கின் எர்த் முனைக்கும் நடுவே ஒரு ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும்.

பிறகு பொய் ஆபத்தை உண்டாக்கிப் பாருங்கள். லிமிட்டை 100 டிகிரிக்கு இறக்கி, கன்ட்ரோலரிடம் 200 கேளுங்கள். நூறில் கான்டாக்டர் "டக்" என்று விழ வேண்டும். கதவைக் கொஞ்சம் திறங்கள், விழ வேண்டும். டைமரை ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள், விழ வேண்டும். ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, முதல் தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஆன் பண்ணுங்கள். சூடேற மறுக்க வேண்டும். நாலும் சரியாக வந்தால்தான் பானையை உள்ளே வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்கிறேன்.

எங்கே வைப்பது, எப்படிச் சுடுவது

கான்கிரீட் தரை, இரும்பு ஸ்டாண்ட், எல்லாச் சுவரிலிருந்தும் குறைந்தது 45 செ.மீ. தள்ளி. பெட்ரோல் கேன், தின்னர், புல்வெட்டும் மெஷின் எதுவும் அந்தக் கராஜில் இருக்கக் கூடாது. களிமண்ணில் இருக்கும் கரிமப் பொருள் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். கராஜ் கதவைத் திறந்து வைத்து, வீட்டுக்குள் போகும் கதவை மூடி, உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். மின்சாரத் தீக்கும் ஏற்ற ஏபிசி வகைத் தீயணைப்பான் வாசல் பக்கம் இருக்கட்டும், சூளைக்குப் பின்னால் வேண்டாம். துளை வழியாக உள்ளே பார்க்க 3 முதல் 5 ஷேட் வெல்டிங் கண்ணாடி போடுங்கள். சாதாரண கூலிங் கிளாஸ் அந்த வெப்பக் கதிரைத் தடுக்காது.

முதல் சூடு காலிச் சூளைக்கு. ஈரம் போக மெதுவாக ஏற்றி, 1,050 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் கம்பி மேல் அலுமினா படலம் உண்டாகும். அதுதான் அதற்குக் கவசம்.

பானைகளுக்கு என் அட்டவணை இது: 90 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். உள்ளே ஈரம் இருக்கும்போது நூறைத் தாண்டினால் பானை வெடிக்கும். பிறகு மணிக்கு 80 டிகிரியாக 600 வரை. 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் திடீரென விரியும், அவசரப்பட்டால் விரிசல்தான். அப்புறம் மணிக்கு 150-ஆக 1,060 வரை. 12 மணி நேரமும் முழுப் பவரில் ஓடினாலும் 35 யூனிட். உண்மையில் அதைவிட நன்றாகவே குறையும். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறுக்கு முடியும். எல்லாரும் விழித்திருக்கும் நேரம் அது. 100 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் கதவு. அது பெரும்பாலும் மறுநாள்.

மகளுக்கு எட்டு வயது. தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். சூளை ஓடும்போது அதைத் தாண்டக் கூடாது. "அப்பா, நான் எப்போ தாண்டலாம்?" என்றாள். பிளக் தரையில் கிடக்கும்போது என்றேன். இப்போது கராஜுக்குள் வந்ததும் முதலில் பிளக்கைத்தான் பார்க்கிறாள்.

யார் கட்டக் கூடாது?

வாடகை வீடு என்றால் உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் வேண்டாம். சொந்த வீடு என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால், கட்டுவதை விட்டுவிட்டுப் பழைய தொழிற்சாலைச் சூளை ஒன்றைத் தேடி வாங்குங்கள். காசு கொடுத்தால் நம் பானையைச் சுட்டுத் தரும் ஸ்டுடியோக்களும் பல ஊர்களில் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அதுதான் வழி. குழந்தை கையால் செய்த விளக்கு எந்தச் சூளையில் வெந்தாலும் அதே சிவப்புத்தான்.

கட்டுகிறவர்கள் வயரிங் படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கூடவே மூன்று வரி எழுதி அனுப்ப வேண்டும்: ரிலே ஒட்டிக்கொண்டால் எது நிறுத்தும், சென்சார் நழுவினால் எது நிறுத்தும், நீங்கள் தூங்கிவிட்டால் எது நிறுத்தும். அந்த மூன்றும் இல்லாத படத்தை நான் பார்க்க மாட்டேன்.

அடுத்த மாதம், சுட்ட பானையில் கிளேஸ் பூசுவதும், எந்தக் கிளேஸ் உள்ள பாத்திரத்தில் சாப்பிடக் கூடாது என்பதும். அதுவரை வணக்கம்.